குண்டு மானிட்டரில் பழைய கேம்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

காயலான் கடையில் கிடக்கும் குண்டு மானிட்டரைத் தூக்கி வந்து பழைய கேம் கன்சோலை மாட்டி விளையாட ஆசைப்படுகிறவர்கள், "எந்த மானிட்டர் நல்லது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "என்னிடம் என்ன மெஷின் இருக்கிறது?" என்பது. வரிசையை மாற்றிப் போட்டவர்கள் மானிட்டரை வாங்கி, கன்வெர்ட்டர் மேல் கன்வெர்ட்டராக வாங்கி, கடைசியில் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

குண்டு மானிட்டரும் குண்டு டிவியும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே ஓடும் வேகம் வேறு. பிக்சர் டியூபுக்குள் எலெக்ட்ரான் கற்றை கோடு கோடாகத்தான் படத்தை வரைகிறது. வினாடிக்கு எத்தனை கோடு என்பதுதான் ஹரிசாண்டல் ஃப்ரீக்வன்சி. நம் நாட்டு பால் (PAL) முறை டிவியில் ஒரு படத்துக்கு 625 கோடு, வினாடிக்கு 25 படம். பெருக்கினால் 15,625. அமெரிக்க, ஜப்பான் டிவிகளில் 15,734. அதாவது எல்லாக் குண்டு டிவியும் ஏறக்குறைய வினாடிக்கு 15 ஆயிரம் கோடு, 15 கிலோஹெர்ட்ஸ்தான். 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ. என்ற கம்ப்யூட்டர் மானிட்டர் முறை அதைவிட இரண்டு மடங்கு வேகம்: 640×480 படம், வினாடிக்கு 60 தடவை, மறைந்து போகும் கோடுகளையும் சேர்த்து 525 கோடு. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 31,500. பிற்காலத்தில் வந்த 17 இன்ச் மானிட்டர்கள் பெரும்பாலும் 30 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 70 வரை போகும். மேலே அவ்வளவு தூரம் ஏறும், 30-க்குக் கீழே மட்டும் இறங்காது.

அதனால் 15 கிலோஹெர்ட்ஸ் கன்சோலை எந்த ஒயர் போட்டு மானிட்டரில் சொருகினாலும் படம் வராது. திரை கறுப்பாக நிற்கும், இல்லாவிட்டால் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று ஒரு சின்னப் பெட்டி மிதக்கும். ரொம்பப் பழைய மானிட்டராக இருந்தால் தப்பான வேகத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து, உள்ளே டிரான்சிஸ்டர் போய்விடலாம். 'கீச்' என்று புதுச் சத்தம் கேட்டால் உடனே ஒயரை உருவிவிடுங்கள்.

உங்கள் மெஷின் எந்தப் பக்கம்?

நம் பக்கத்தில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்கள் வீட்டில் இருந்தது டிவி கேம். மஞ்சள் கேசட் போட்டு, கான்ட்ராவும் மாரியோவும் ஆடிய அந்தப் பெட்டி, நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலை நகல் எடுத்துச் செய்தது. அதில் இருப்பது ஆன்டெனா ஒயரும் மஞ்சள், வெள்ளை ஏ.வி. ஒயரும்தான். இதற்கு மானிட்டர் தேடி அலையாதீர்கள். 2006-ல் தொடங்கி அன்றைய தி.மு.க. அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 இன்ச் இலவச கலர் டிவி எத்தனையோ வீடுகளில் இன்னும் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் துணி போர்த்திக் கிடக்கிறது. ஃபேமிகாம் நகலுக்கும், முதல் பிளேஸ்டேஷனுக்கும், செகா மெகா டிரைவுக்கும் அதைவிடப் பொருத்தமான திரை கிடையாது. அவை கொடுப்பது 240 கோட்டுப் படம், டிவி அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தெரியும் மெல்லிய இருட்டுக்காகத்தான் வெளிநாட்டுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். நமக்கு அது பரணிலேயே இருக்கிறது. வாத்து சுடும் துப்பாக்கியும் டிவியில் நேராக மாட்டினால்தான் குறி பார்க்கும், நடுவில் கன்வெர்ட்டர் வந்தால் சுடாது.

மானிட்டருக்குத் தகுந்தவை அடுத்த தலைமுறை மெஷின்கள். 480 கோட்டையும் ஒரே மூச்சில் வரையும் 480பி சிக்னலைக் கொடுப்பவை. அந்த சிக்னலின் வேகமும் 31 கிலோஹெர்ட்ஸ்தான், மானிட்டருக்கு அது தாய்மொழி.

இதில் முதல் இடம் 1998-ல் ஜப்பானில் வந்த செகா டிரீம்காஸ்டுக்கு. வி.ஜி.ஏ. ஒயரோ வி.ஜி.ஏ. பெட்டியோ மாட்டினால் மெஷினே தெரிந்துகொண்டு 480பி கொடுக்கும். பெரும்பாலான கேம்கள் ஒத்துழைக்கும், சில அடம் பிடிக்கும். எந்தக் கன்வெர்ட்டரும் வேண்டாம், தாமதமும் இல்லை. குண்டு மானிட்டர் வாங்குவதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் டிரீம்காஸ்டைத்தான் சொல்வேன். வாங்கும்போது பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். ஜப்பான் மெஷின் 100 வோல்ட், அமெரிக்க மெஷின் 120 வோல்ட். நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் சொருகினால் ஒரே நொடியில் புகை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிய பிறகுதான் மெஷினைத் தொட வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் 360 நம் நாட்டில் நிறைய விற்றது, செகண்ட் ஹேண்டில் சுலபமாகக் கிடைக்கும். அதற்கென்றே வி.ஜி.ஏ. ஒயர் உண்டு. கடைசியாக வந்த 'இ' மாடலில் மட்டும் அந்த ஒயரை மாட்டும் ஓட்டை கிடையாது, அதில் எச்.டி.எம்.ஐ. வழிதான். செட்டிங்கில் 1024×768 வையுங்கள். 1280×1024 என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். குண்டு மானிட்டரின் முகம் 4-க்கு 3, அந்த அளவோ 5-க்கு 4. ஆட்கள் குள்ளமாகத் தெரிவார்கள்.

நின்டெண்டோவின் வீ கன்சோலில் கம்போனென்ட் ஒயர் (சிவப்பு, பச்சை, நீலப் பிளக் உள்ளது) மாட்டி, செட்டிங்கில் 480பி என்று ஒரு தடவை வைத்துவிட்டால் மெனுவும் பெரும்பாலான வீ கேம்களும் 480பியில் வரும். வீயின் பின்னால் சொருகும் சின்ன எச்.டி.எம்.ஐ. டாங்கிள், அதற்குப் பின்னால் ஒரு எச்.டி.எம்.ஐ.–வி.ஜி.ஏ. அடாப்டர் என்று போவது இன்னும் மலிவு. முதல் மாடல் வீ, நின்டெண்டோவின் முந்தைய கன்சோலான கேம்க்யூபின் டிஸ்கையும் ஓட்டும் என்பதால் ஒரே செலவில் இரண்டு மெஷின்.

பிளேஸ்டேஷன் 2 தான் தலைவலி. எல்லோரிடமும் இருப்பதும் அதுவே. அதன் மெனு 15 கிலோஹெர்ட்ஸில் வரும். 480பி தெரிந்த கேமும் முதல் சில திரைகளைப் பழைய வேகத்தில் காட்டிவிட்டுத்தான் மாறும். அதுவரை மானிட்டர் இருட்டு. நம் ஊரில் விற்றது பால் மெஷின், பால் பதிப்பு கேம்கள் பலவற்றில் 480பி வசதியையே எடுத்துவிட்டார்கள். வெளிப் புரோகிராம்களை ஓட்ட வைக்கும் ஃப்ரீ மெக்பூட் என்ற மென்பொருளை ஏற்றிய மெமரி கார்டு போட்டு, ஜி.எஸ்.எம். என்ற புரோகிராமால் பெரும்பாலான கேம்களை வலுக்கட்டாயமாக 480பிக்குத் தள்ளலாம். 90000 வரிசையில் பின்னால் வந்த மெஷின்களில் மட்டும் அந்தக் கார்டு வேலை செய்யாது. இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் பிளேஸ்டேஷன் 2-ஐ இலவச டிவியில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒயரில் ஏமாறும் இடம்

ஆன்லைனில் ஒரு பக்கம் சிவப்பு, பச்சை, நீலப் பிளக், மறுபக்கம் வி.ஜி.ஏ. பிளக் என்று ஒரு ஒயர் ரொம்ப மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். பிளக்கின் நிறம் அதுதானே தவிர, கம்போனென்ட் ஒயரில் ஓடுவது சிவப்பு, பச்சை, நீலம் அல்ல. ஒன்றில் வெளிச்சம், மற்ற இரண்டில் நிற வித்தியாசம். அந்த ஒயர் சில புரொஜெக்டர்களுக்காகச் செய்தது. மானிட்டரில் மாட்டினால் ஒன்றும் வராது, வந்தாலும் பச்சைப் பசேலென்று பேய்ப் படம் மாதிரி வரும். உங்களுக்கு வேண்டியது நிறத்தை மாற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்கோடர். அதற்குத் தனியாக கரண்ட் போகும், அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எச்.டி.எம்.ஐ.–வி.ஜி.ஏ. அடாப்டரிலும் திசையைக் கவனியுங்கள். கன்சோலிலிருந்து எச்.டி.எம்.ஐ. வந்து மானிட்டருக்கு வி.ஜி.ஏ. போக வேண்டும். இதற்கு நேர் எதிராக வேலை செய்யும் பெட்டியும் அதே நிறத்தில், அதே அட்டைப்பெட்டியில் கிடைக்கும். ஒன்றை மற்றதாகப் பயன்படுத்த முடியாது. ஹெட்ஃபோன் ஓட்டை உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள், பெரும்பாலான மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்காது.

15 கிலோஹெர்ட்ஸ் மெஷினை மானிட்டரில்தான் பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறவர்களுக்கு மூன்று வழி. முதலாவது, கம்ப்யூட்டரில் கேபிள் டிவி பார்க்க ஒரு காலத்தில் வாங்கிய டிவி டியூனர் பெட்டி. அதில் ஏ.வி. உள்ளே போய் வி.ஜி.ஏ. வெளியே வரும். வீட்டில் கிடந்தால் மாட்டிப் பாருங்கள், காசு கொடுத்து வாங்க வேண்டாம். 240 கோட்டுப் படத்தை அது பாதிப் படம் என்று நினைத்துக் குழப்பும், மாரியோ ஓடும்போது ஓரமெல்லாம் நடுங்கும், பட்டனை அழுத்துவதற்கும் குதிப்பதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விழும். இரண்டாவது, ஜி.பி.எஸ். 8200 என்ற சர்க்யூட் போர்டு. வாங்கியபடியே போட்டால் டியூனர் பெட்டி செய்யும் குழப்பத்தைத்தான் இதுவும் செய்யும். ஈ.எஸ்.பி. 8266 என்ற சின்ன வைஃபை போர்டைச் சால்டர் செய்து ஜி.பி.எஸ். கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் அருமையான பொருளாகிவிடும். பிளேஸ்டேஷன் 2-இன் கம்போனென்ட் ஒயரையும் வாங்கி, மெனுவோடு சேர்த்து மானிட்டருக்குக் கொடுக்கும். ஆனால் மஞ்சள் ஒயரை வாங்காது. மூன்றாவது, கோட்டை இரட்டிப்பாக்கும் ஓ.எஸ்.எஸ்.சி., ரெட்ரோடிங்க் போன்ற வெளிநாட்டுப் பெட்டிகள். தரம் பிரமாதம், விலையைக் கேட்டால் மயக்கம்.

இதில் ஒரு நுணுக்கம். பால் கன்சோலின் 50 ஹெர்ட்ஸ் படத்தை (வினாடிக்கு 50 தடவை வரைவது) இரட்டிப்பாக்கினாலும் அது 50 ஹெர்ட்ஸாகவேதான் மானிட்டருக்குப் போகும். உங்கள் மானிட்டரின் வெர்டிகல் எல்லை (வினாடிக்கு எத்தனை தடவை வரையும் என்பது) 50-இலிருந்து தொடங்குகிறதா என்று மாடல் எண்ணை வைத்து இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 55-இலோ 56-இலோ தொடங்கினால் படம் உருளும்.

லேப்டாப் வழி

கன்சோலே கையில் இல்லாதவர்களுக்கு இதுதான் சிறந்த தொடக்கம். 2011-க்குப் பிறகு அ.தி.மு.க. அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் இருக்கிறதா? அதன் பக்கவாட்டில் மூன்று வரிசைத் துளைகளோடு வி.ஜி.ஏ. ஓட்டை இருக்கிறதா? இருந்தால் அடாப்டர் எதுவும் வேண்டாம். டிவி ஒரு ஆட்சி கொடுத்தது, லேப்டாப் இன்னொரு ஆட்சி கொடுத்தது. எதிரும் புதிருமான இரண்டு கட்சி சேர்ந்து நமக்கு ஒரு கேம் ரூம் அமைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

லேப்டாப்பில் பழைய கன்சோல் கேம்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் கேசட், டிஸ்கிலிருந்து எடுத்த கேம்களை ஓட்டலாம். லேப்டாப் திரையை அணைத்து மானிட்டரை மட்டும் வைத்து, 640×480, 60 ஹெர்ட்ஸ் என்று அமையுங்கள். விண்டோஸ் அந்த அளவை நேராகக் காட்டாது. டிஸ்பிளே அடாப்டரின் பண்புகளுக்குள் போய் எல்லா மோடுகளையும் பட்டியலிடச் சொன்னால் இருக்கும்.

இன்னும் ஒரு படி போகிறவர்களுக்கு ஒரு அழகான தந்திரம் உண்டு. மானிட்டருக்கு வேண்டியது வினாடிக்கு 31 ஆயிரம் கோடு. அது 525 கோடு 60 தடவையாகவும் வரலாம், 262 கோடு 120 தடவையாகவும் வரலாம். 262-ஐ 120-ஆல் பெருக்குங்கள்: 31,440. அதாவது 240 கோட்டுப் படத்தை 120 ஹெர்ட்ஸில் கொடுத்தால் மானிட்டர் மறுப்பே சொல்லாமல் வாங்கிக்கொள்ளும். கோட்டுக்கு நடுவே உண்மையான இருட்டு விழும், எந்த ஃபில்டரும் போடாமல். ஒவ்வொரு படமும் இரண்டு தடவை வருவதால் ஓடும் பொருள்கள் இரட்டையாகத் தெரியும். ரெட்ரோஆர்ச்சில் கறுப்பு ஃபிரேமை இடையில் செருகும் வசதியைப் போட்டால் அது சரியாகும். வெளிச்சம் பாதியாகக் குறையும், மானிட்டரில் பிரைட்னஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள். இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் 320×240 என்று கேட்டால் மறுக்கலாம். அகலத்தை மட்டும் பெருக்கி 1280×240 என்று கேட்டால் கொடுக்கும். திரையில் அகலம் எப்படியும் ஒன்றுதான், உயரத்தின் கோட்டு எண்ணிக்கைதான் முக்கியம்.

மானிட்டர் வேட்டை

இப்போதுதான் கடைக்குப் போகிறோம். புதிதாக யாரும் செய்வதில்லை, எல்லாமே பழசு. மூடிப்போன பிரவுசிங் சென்டர், டி.டி.பி. கடை, கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தியவர்களின் மாடி அறை, தனியார் பள்ளிகளின் ஸ்டோர் ரூம் என்று முதலில் கேளுங்கள். பாலக்கோடு, அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை மாதிரி ஊர்களில் ஒருவரைக் கேட்டால் அவர் இன்னொருவரைச் சொல்வார். ஓசூரில் சிப்காட் கம்பெனிகளின் பழைய ஆபீஸ் சாமான் வந்து சேரும் குடோன்களையும் பார்க்கலாம். அடாப்டர், ஒயர், போர்டு போன்றவை உள்ளூரில் கிடைக்காவிட்டால் ஓசூர் தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோடு இருக்கிறது.

காயலான் கடைக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரருக்கு மானிட்டரில் காசு என்பது டியூபின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிதான். வந்த உடனே பின்மூடியைக் கழற்றி, சுத்தியலால் கழுத்தைத் தட்டி, காயிலை உருவிவிடுவார். வெளியே பார்த்தால் மானிட்டர் முழுசாகத்தான் இருக்கும், உள்ளே டியூப் செத்திருக்கும். அதனால் முன்கூட்டியே போய், "அண்ணா, குண்டு மானிட்டர் வந்தா கழுத்த உடைக்காம அப்படியே வச்சிருங்கண்ணா, செம்பு விலையவிட சேர்த்துத் தர்றேன்" என்று சொல்லி வையுங்கள். போன் நம்பர் கொடுத்துவிட்டு வந்தால் கட்டாயம் கூப்பிடுவார்.

போகும்போது கம்ப்யூட்டர் பவர் கார்டு ஒன்றும் வி.ஜி.ஏ. ஓட்டை உள்ள லேப்டாப்பும் எடுத்துப் போங்கள். அங்கே எல்லாப் பவர் கார்டும் ஏற்கெனவே செம்புக்கு வெட்டப்பட்டிருக்கும். மழையில் நனைந்த மானிட்டரையும் ஈரமான குடோனில் கிடந்ததையும் அங்கேயே ஆன் செய்யாதீர்கள். வாங்குவதானால் வீட்டில் சில நாள் நன்றாகக் காயவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். ஈரத்தில் 'ஸ்ஸ்' என்று பொறி பாயும்.

காய்ந்த மானிட்டரை ஆன் செய்ததும் காதைக் கொடுங்கள். 'டொய்ங்' என்று ஒரு அதிர்வு வந்தால் நல்லது, டியூபில் ஏறிய காந்தத்தை நீக்கும் டீகாஸ் காயில் வேலை செய்கிறது. 'டிக் டிக் டிக்' என்று விட்டு விட்டுத் துடித்தால் பவர் சப்ளையிலோ, மெக்கானிக்குகள் இ.எச்.டி. என்று சொல்லும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கமோ கோளாறு. லேப்டாப் மாட்டாமலேயே பல மானிட்டர்கள் சிக்னல் இல்லை என்ற பெட்டியைக் காட்டும், அது தெரிந்தாலே டியூபுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு லேப்டாப்பை மாட்டி முழு வெள்ளைத் திரை போடுங்கள். வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை. கத்தரிப்பூ நிறமாகத் தெரிந்தால் பச்சை வரவில்லை. வெளிர்நீலமாக இருந்தால் சிவப்பு வரவில்லை. உடனே டியூப் போச்சு என்று விட்டுவிடாதீர்கள், பாதி நேரம் ஒயர் முனையில் ஒரு பின் வளைந்திருக்கும். நடு வரிசையில் நாலாவது பின் மட்டும் இல்லாமலே இருக்கலாம், பல ஒயர்களில் அப்படித்தான் செய்கிறார்கள். மூலையில் ஊதா, பச்சைக் கறை தெரிந்தால் மெனுவில் டீகாஸ் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். திரை நடுவே படுக்கையாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்றால் வெர்டிகல் பகுதி போய்விட்டது. பழைய டிவி மெக்கானிக் சரி செய்வார், விலையை மட்டும் குறையுங்கள். கால் மணி நேரம் ஓடிய பிறகும் படம் மங்கி, எழுத்தெல்லாம் இழுத்த மாதிரி இருந்தால் டியூப் கிழடாகிவிட்டது, அதை விட்டுவிட்டு வாருங்கள்.

சோனி டிரினிட்ரான், மிட்சுபிஷி டயமண்ட்ரான் டியூபுகளில் தலைமுடி அளவுக்கு ஒன்றோ இரண்டோ படுக்கைக் கோடு மங்கலாகத் தெரியும். அது கோளாறு இல்லை, உள்ளே இருக்கும் கம்பிகளை ஆடாமல் பிடிக்கும் கம்பியின் நிழல். தெரியாத கடைக்காரரிடம் அதைக் காட்டி விலை குறைக்கலாமா என்பது உங்கள் மனச்சாட்சியைப் பொறுத்தது.

அளவில் 17 இன்ச்தான் என் தேர்வு. 15 இன்ச் ஒரு ஆளுக்குப் போதும், தூக்கவும் சுலபம். 19 இன்ச் மேலே போனால் மாடிப்படியில் இரண்டு பேர் வேண்டும்.

தூக்கி வருவது

17 இன்ச் மானிட்டர் ஏறக்குறைய 15 கிலோ, அந்த எடையில் பெரும்பகுதி முகக் கண்ணாடியில். தூக்கும்போது திரை உங்கள் வயிற்றைப் பார்த்து இருக்கட்டும், பின்மூடியைப் பிடித்துத் தூக்காதீர்கள். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் முன்னால் வைத்தால் திரை ஓட்டுகிறவர் பக்கம், பழைய போர்வையைச் சுற்றி. காரில் சீட்டின் மேல் திரை சீட்டு முதுகைப் பார்க்க. பஸ்ஸில் டிக்கியில் போடாதீர்கள். கண்டக்டர் கேட்கும் லக்கேஜ் காசைக் கொடுத்துவிட்டுக் கால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டியபின் படத்தைச் சீர் செய்வது

ஸ்பீக்கர், ஸ்டெபிலைசர், ஸ்டீல் பீரோ மூன்றும் மானிட்டரை ஒட்டி இருக்கக் கூடாது, காந்தம் நிறத்தைக் கெடுக்கும். இடத்தை மாற்றினாலும் திசையைத் திருப்பினாலும் ஒரு தடவை டீகாஸ் கொடுங்கள். திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தால் பலன் இல்லை, உள்ளே இருக்கும் தெர்மிஸ்டர் ஆறினால்தான் அடுத்த தடவை முழு வேகத்தில் வேலை செய்யும். அரை மணி விடுங்கள்.

படத்தைச் சீர் செய்வதற்கு முன் இருபது நிமிடம் ஓடட்டும். சூடேறும்போது படத்தின் அளவு சற்று மாறும், குளிரில் சரி செய்ததெல்லாம் வீண். பிறகு கன்சோலை மாட்டி, 480பி படம் வந்த நிலையில் மெனுவைத் திறங்கள். விண்டோஸ் திரையில் செய்த சீரமைப்பு இதற்கு வராது, மானிட்டர் ஒவ்வொரு வேகத்துக்கும் தனித்தனியாக நினைவு வைத்துக்கொள்ளும். முதலில் அகலம், உயரம். அடுத்து நடுவுக்கு நகர்த்துவது. ஓரம் உள்ளே குழிந்தோ வெளியே வயிறு தள்ளியோ இருந்தால் பின்குஷன், மேலே குறுகிக் கீழே அகன்றால் டிரபீசாய்ட், சாய்ந்திருந்தால் ரொட்டேஷன். கேமில் ஒரு வட்டம் வரும் இடத்தில் நிறுத்தி, ஸ்கேலால் அகலமும் உயரமும் அளந்து பார்ப்பது நல்ல பழக்கம். ஓரம் முழுக்க நேராக வர வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள், எந்த டியூபிலும் அது முழுசாக நடக்காது.

நிறத்தில் 9300 என்று இருப்பதை 6500-க்கு மாற்றினால் நீலப் பூச்சு போய் இதமாகும். பிரைட்னஸைக் கறுப்பு கறுப்பாகத் தெரியும் வரை குறைத்து, பிறகு கான்ட்ராஸ்டை ஏற்றுங்கள். இந்த வரிசை முக்கியம்.

60 ஹெர்ட்ஸில் வெள்ளைத் திரை சிலருக்குக் கண்ணில் துடிக்கும். கை நீளத்துக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் போதும். 85 ஹெர்ட்ஸ் வைத்து விளையாட நினைக்காதீர்கள், கேமின் ஓட்டம் தடுக்கும்.

கரண்டும் பாதுகாப்பும்

சாயங்காலம் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் கிராமமாக இருந்தால் டிவிக்கு வைப்பது போல ஒரு ஸ்டெபிலைசர் வையுங்கள். கம்ப்யூட்டருக்கான சின்ன யூ.பி.எஸ். ஆன் செய்யும் நொடியில் கத்தலாம், டீகாஸ் காயில் அந்த நேரத்தில் நிறைய இழுக்கும். கரண்ட் போய்ப் போய் வரும் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே மேல்.

கிரானைட் பட்டறை, மண் ரோடு பக்கம் வீடு என்றால் மேலே இருக்கும் காற்றுத் துளை வழியாகத் தூசு நிறையப் போகும். துணி போர்த்துங்கள், ஆனால் ஆன் செய்யும் முன் எடுத்துவிடுங்கள். சூட்டுக்குப் பல்லி உள்ளே போய்ப் படுக்கும், அதனால் செத்த மானிட்டர்கள் நம் பக்கம் உண்டு.

பின்மூடியைத் திறக்கவே வேண்டாம். டியூபின் மேல் ரப்பர் தொப்பி போட்டுப் போகும் ஒயரில் ஓடுவது 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் அதைப் பிடித்து வைத்திருக்கும். தூசு தட்டுகிறேன் என்று கூடத் திறக்க வேண்டாம். ஃபோகஸ் மங்கல், உள்ளே கெபாசிட்டர் வீங்கியது போன்ற வேலைகளுக்கு ஐம்பது வயதைத் தாண்டிய டிவி மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். குண்டு டிவியைத் திறந்து மூடிய கைக்கு மானிட்டர் புதிதல்ல. சர்க்யூட் படம் வேண்டும் என்று கேட்டால் மாடல் எண்ணை வைத்து நீங்கள் இறக்கிக் கொடுங்கள், அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

டியூபே செத்துவிட்டால், அதே மாடலில் இன்னொன்று கிடைக்கும்போது உதவும் என்று உள்ளே இருக்கும் போர்டை அந்த மெக்கானிக்கிடமே கழற்றிக் கேட்டு வாங்கி வையுங்கள். மிச்சத்தை மின்கழிவு எடுக்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும், டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் போட்டு உடைத்தால் உள்ளே இருக்கும் வெற்றிடம் கண்ணாடியை உள்வாங்கி வெடித்துச் சிதறடிக்கும், குழந்தைகள் ஓடும் இடத்தில் அந்தச் சில்லைப் பொறுக்கி முடியாது.